ட்ரவுட் குளத்துக்கு எந்தக் கனூ? தோள்ல ஏறுற எடையும், தண்ணியில நிக்கிற அகலமும்

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சுநடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

போன மாசம் ஃப்ளை ஃபிஷிங் பத்தி ஒரு எபிசோட் பண்ணினோம் இல்லையா, அதுக்கப்புறம் நியூயார்க் மாநிலத்துல வேலை பார்க்கிற ஒரு லிசனர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாங்க. "ஆத்துல இறங்கி நின்னு மீன் பிடிக்கக் கத்துக்கிட்டேன். இப்போ மலைக்குள்ள இருக்கிற சின்னச் சின்னக் குளங்களுக்குப் போகணும்னு ஆசை. தனியாத்தான் போவேன். என்ன கனூ வாங்கலாம்?"

கேள்வி ஒரே வரிதான். ஆனா இதுக்குக் கடைக்காரர் சொல்ற பதில் ஒண்ணு, துடுப்புப் போடுறவங்க சொல்ற பதில் ஒண்ணு, தூண்டில்காரங்க சொல்ற பதில் வேற ஒண்ணு. மூணும் அவங்கவங்க பக்கத்துல சரிதான். அதனால இன்னைக்கு எந்தப் படகு வாங்கணும்னு பேர் சொல்றதைவிட, எதை வச்சு முடிவு பண்ணணும்னு பார்ப்போம்.

எந்த ஊர், எந்தக் குளம்

நாம பேசப்போறது அடிராண்டாக் மலைப்பகுதி. நியூயார்க் மாநிலத்தோட வடக்குப் பக்கம். நியூயார்க்னதும் கட்டடமும் மஞ்சள் டாக்ஸியும் ஞாபகம் வரும். ஆனா அதே மாநிலத்துலதான் சுமார் 60 லட்சம் ஏக்கர் பரப்புல இந்த அடிராண்டாக் பார்க் இருக்கு. 1892-ல உருவாக்கினாங்க. அதுக்குள்ள ஏரியும் குளமுமா சுமார் 3,000 நீர்நிலைகள். அரசுக்குச் சொந்தமான வன நிலத்தை என்னைக்கும் காடாவே விட்டுவைக்கணும்னு மாநில அரசியல் சட்டத்துலயே 1894-ல எழுதி வச்சுட்டாங்க.

அங்கேயே செயின்ட் ரீஜிஸ் கனூ ஏரியான்னு ஒரு பகுதி இருக்கு. 50-க்கும் மேற்பட்ட குளங்கள். மோட்டார் வண்டிக்கும் மோட்டார் படகுக்கும் அனுமதி இல்லை. ஒரு குளத்துல துடுப்புப் போட்டு அக்கரைக்குப் போகணும், படகைத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டு காட்டுப் பாதையில நடக்கணும், அடுத்த குளத்துல இறக்கணும். அப்படித் தூக்கிட்டு நடக்கிற பாதைக்கு அந்த ஊர்ல 'கேரி'ன்னே பேரு. வெளியூர்ல இதை 'போர்ட்டேஜ்'னு சொல்வாங்க.

இந்தக் 'கேரி' வார்த்தையை ஞாபகம் வச்சுக்கோங்க. பாதிக் கதை அதுலதான் இருக்கு.

மீனைப் பத்திக் கொஞ்சம்

அந்தக் குளங்கள்ல எல்லாரும் தேடிப் போறது ப்ரூக் ட்ரவுட். நியூயார்க்கோட மாநில மீன். பேர்ல ட்ரவுட்னு இருந்தாலும், உயிரியல்படி இது 'சார்'ங்கிற உறவுக் கூட்டத்தைச் சேர்ந்தது. கரும்பச்சை முதுகுல புழு நெளிஞ்ச மாதிரி கோலம், பக்கத்துல நீல வளையத்துக்குள்ள சிவப்புப் புள்ளி, துடுப்போட ஓரத்துல வெள்ளைக் கோடு. நம்ம நீலகிரியில, அவலாஞ்சிப் பக்கம் இருக்கிற ரெயின்போ ட்ரவுட் பிரிட்டிஷ்காரங்க கொண்டுவந்து விட்டது. ஆனா ப்ரூக் ட்ரவுட் அடிராண்டாக்கோட சொந்த மீன். லிட்டில் டப்பர், விண்ட்ஃபால், ஹார்ன் லேக்னு அந்தந்த நீர்நிலையோட பேர்லயே தனித்தனிப் பரம்பரைகளை இன்னைக்கும் பாதுகாத்துட்டு வர்றாங்க.

இந்த மீனுக்குக் குளிர்ந்த, சுத்தமான தண்ணி வேணும். வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினா திணற ஆரம்பிச்சிடும். இருபதாம் நூற்றாண்டுல நிலக்கரி மின்நிலையங்கள்ல இருந்து வந்த கந்தகப் புகை அமில மழையா இங்கே விழுந்து, பல குளங்கள்ல மீனே இல்லாமப் போச்சு. 1990-ல அமெரிக்கக் காற்று மாசுச் சட்டத்தைத் திருத்தினதுக்கு அப்புறம் புகை குறைஞ்சு, சில குளங்கள் மெல்ல மெல்லத் தேறி வருது. அதனால ஒரு குளத்துல ப்ரூக் ட்ரவுட் இருக்குன்னா, அது சும்மா கிடைச்சது இல்லை.

சரி, இதுக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கு. ஏப்ரல் கடைசி, மே ஆரம்பத்துல ஐஸ் உருகும். அப்போ குளம் முழுக்க மேலிருந்து கீழ வரைக்கும் கிட்டத்தட்ட ஒரே குளிர். தண்ணி கலங்கி ஆக்சிஜன் எல்லா இடத்துக்கும் போகும். மீன் மேல்மட்டத்துல, கரையோரத்துல சுத்தும். கோடை வந்தா மேல் தண்ணி சூடாகிடும், மீன் ஆழத்துக்கும், அடியில ஊத்துத் தண்ணி வர்ற இடத்துக்கும் போயிடும். கரையில நின்னு ஃப்ளை வீசவும் முடியாது, ஏன்னா பின்னாடி மரம், புதர், சேறு. ஃப்ளை ஃபிஷிங்ல நரம்பு பின்னாடி போய்த்தான் முன்னாடி வரணும். அதனால படகு வேணும்.

இங்கே ஒண்ணைக் கவனிங்க. மீன் நல்லாக் கிடைக்கிற அந்த வசந்தகால வாரங்கள்தான் தண்ணி ஆளைக் கொல்ற அளவுக்குக் குளிரா இருக்கிற வாரங்களும். இதைக் கடைசியில விரிவாப் பேசுவோம். ஆனா படகு தேர்ந்தெடுக்கும்போது மனசுல இருக்கட்டும்.

முதல் கேள்வி: எடை

பலரும் நீளத்துல ஆரம்பிப்பாங்க. நீங்க எடையில ஆரம்பிங்க. ஏன்னா உங்களால எந்தக் குளத்துக்குப் போக முடியும்னு முடிவு பண்றது அதுதான்.

ஒரு சின்னக் கணக்கு. கேரி 1.5 கிலோமீட்டர்னு வச்சுக்கோங்க. படகும் பையும் ஒரே தடவையில தூக்க முடிஞ்சா 1.5 கிலோமீட்டர் நடந்தா முடிஞ்சது. படகு கனமா இருந்து, முதல்ல படகு, அப்புறம் திரும்பி வந்து பைன்னு ரெண்டு நடையா ஆச்சுன்னா, நடக்க வேண்டியது மூணு மடங்கு, அதாவது 4.5 கிலோமீட்டர். சாயங்காலம் திரும்பி வரவும் அதே மாதிரி. மொத்தம் 3 கிலோமீட்டர் நடக்க வேண்டிய இடத்துல 9 கிலோமீட்டர். அதுவும் மே மாசக் கொசுவோட, கறுப்பு ஈயோட.

இப்போ எடைகளைப் பாருங்க. 17 அடி அலுமினியக் கனூ சுமார் 34 கிலோ. ரெண்டு பேர் போற 16 அடி பிளாஸ்டிக் கனூ 35-ல இருந்து 40 கிலோ வரைக்கும் போகும். ஒருத்தர் போற 12 அடி பிளாஸ்டிக் கனூ 19 கிலோ பக்கம். கெவ்லர், கார்பன் இழையில செஞ்ச 10, 12 அடிப் படகுகள் 10 கிலோ பக்கத்துல, சிலது அதுக்கும் கீழே.

இந்த லேசான படகு மோகம் இன்னைக்கு நேத்து வந்தது இல்லை. 1880-கள்ல 'நெஸ்மக்'ங்கிற புனைபேர்ல எழுதின ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ்னு ஒருத்தர் இருந்தார். குள்ளமான, ஒல்லியான மனுஷர். சுமார் 50 கிலோதான் இருப்பார். அடிராண்டாக்குக்குப் போற பணக்காரங்க வழிகாட்டிகளைச் சம்பளத்துக்கு வச்சுப் பெரிய படகுல போவாங்க. இவர், "நானே தூக்கிட்டு நானே போவேன், எனக்கு லேசா ஒண்ணு செஞ்சு குடுங்க"ன்னு கான்டன் ஊர்ல இருந்த ஜே. ஹென்றி ரஷ்டன்ங்கிற படகு செய்றவர்கிட்ட கேட்டார். அப்படிச் செஞ்ச படகுகள்ல ஒண்ணு 'சேரி கேம்ப்'. 9 அடி நீளம். மொத்த எடை பத்தரைப் பவுண்டு, அதாவது 5 கிலோவுக்கும் குறைவு. மெல்லிய தேவதாரு மரப்பலகை! 1883-ல, 61 வயசுல, அதுல 266 மைல் தூரம் பயணம் பண்ணினார். டிக்கன்ஸ் நாவல்ல வர்ற ஒரு நர்ஸோட பேர் அது. அந்தம்மா சரக்குல தண்ணி கலக்காதாம். இந்தப் படகும் உள்ளே தண்ணி விடாதுன்னு ஒரு குறும்பு.

இன்னைக்கு அடிராண்டாக்ல ஹார்ன்பெக், பிளாசிட் போட்வொர்க்ஸ் மாதிரி சின்னப் பட்டறைகள் செய்ற 'பேக் கனூ'க்கள் எல்லாம் அந்தப் பரம்பரைதான். ஆனா ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது. ரஷ்டன் அந்தப் படகை 50 கிலோ ஆளுக்கு அளவெடுத்துச் செஞ்சார். 85 கிலோ ஆள், கூட 10 கிலோ பை, தண்ணி பாட்டில்னு அதுல உட்கார்ந்தா, படகு விளிம்புக்கும் தண்ணிக்கும் நடுவுல கொஞ்சம்தான் மிச்சம் இருக்கும். லேசான படகுங்கிறது உங்க உடம்புக்கு ஏத்த லேசா இருக்கணும்.

ரெண்டாவது கேள்வி: அகலமும் அடிப்பாகமும்

இங்கேதான் துடுப்புக்காரங்களும் தூண்டில்காரங்களும் பிரியுறாங்க. துடுப்புக்காரருக்கு ஒடுக்கமான படகு பிடிக்கும், வேகமாப் போகும். தூண்டில்காரருக்கு அகலம் வேணும். ஏன்னா அவர் கவனம் தண்ணியில இருக்கு, கை மேலே வீசுது, மீன் கடிச்சதும் உடம்பு ஒரு பக்கம் சாயுது.

நிலைப்புத்தன்மையில ரெண்டு வகை உண்டு. உட்கார்ந்ததும் ஆடாம நிக்கிறது முதல் வகை. ஒரு பக்கம் நல்லாச் சாய்ஞ்சதுக்கு அப்புறமும் கவிழாமத் தாங்குறது ரெண்டாவது வகை. அடிப்பாகம் தட்டையா இருந்தா முதல் வகை பிரமாதம். கடையில ஏறிப் பார்த்தா திண்ணையில உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஆனா ஒரு எல்லையைத் தாண்டிச் சாய்ஞ்சா, முன்னறிவிப்பு இல்லாம டக்குன்னு கவிழும். அடிப்பாகம் லேசா வளைஞ்சிருந்தா முதல்ல கொஞ்சம் ஆடும், பயமா இருக்கும், ஆனா சாயச் சாயத் தாங்கும்.

சின்னக் குளத்துல பெரிய அலை கிடையாது. அதனால ரொம்பத் தட்டையும் இல்லாம, ரொம்ப வளைவும் இல்லாம, லேசான வளைவு உள்ள அகலமான அடிப்பாகம் போதும். அகலக் கணக்குல, பேக் கனூக்கள் 26-ல இருந்து 29 அங்குலம் இருக்கும். தூண்டிலுக்கு 30 அங்குலமும் அதுக்கு மேலயும் இருந்தா நிம்மதி. விளம்பரத்துல போடுற அகலம் பல சமயம் படகோட மேல்விளிம்புல அளந்தது. உங்களைத் தாங்குறது தண்ணி தொடுற இடத்துல இருக்கிற அகலம். ரெண்டையும் கேட்டு வாங்குங்க.

உட்காருற உயரம்

நிலைப்பைப் படகு மட்டும் தர்றது இல்லை, இருக்கையும் தருது. அதே படகுல இருக்கையை 3 அங்குலம் உயர்த்தினா, படகே மாறின மாதிரி ஆடும். பேக் கனூவுல தரையை ஒட்டி, காலை நீட்டி உட்காருவோம். அதனாலதான் அவ்ளோ ஒடுக்கமான படகும் நிக்குது.

ஆனா ஃப்ளை வீசுறவங்களுக்கு இதுல ஒரு சிக்கல். தாழ உட்கார்ந்தா கை தண்ணிக்குப் பக்கத்துல இருக்கும். நரம்பைப் பின்னாடி வீசும்போது அது தாழ்ந்து போய்த் தண்ணியில அடிக்கும். உயர உட்கார்ந்தா வீசுறது சுலபம், முழங்காலுக்கும் இடுப்புக்கும் சுகம். ஆனா படகு ஆடும்.

அதனால இப்படி யோசிங்க. 29 அங்குலத்துக்குக் கீழேன்னா தாழ்ந்த இருக்கைதான், வாதமே வேண்டாம். 31, 32 அங்குலத்துக்கு மேலன்னா நடுத்தர உயரத்துல ஒரு இருக்கை வைக்கலாம். தாழ உட்கார்ந்து வீசுறவங்க 9 அடி ராடு வச்சுக்கிட்டு, பின்வீச்சைக் கொஞ்சம் மேல்நோக்கி அனுப்பப் பழகிட்டா போதும். குளத்துல மகா தூரம் வீச வேண்டியதும் இல்லை. படகு இருக்கே, பக்கத்துல போயிடலாம். 12 மீட்டர் சுத்தமா வீசத் தெரிஞ்சா நிறைய மீன் கைக்கு எட்டும்.

எழுந்து நின்னு வீசலாமான்னு கேட்டா, ஒருத்தர் போற சின்னக் கனூவுல, குளிர் தண்ணியில, வேண்டாம்.

நீளமும் காற்றும்

நீளமான படகு நேராப் போகும், திரும்பச் சோம்பேறித்தனம் பண்ணும். குட்டையான படகு சட்டுன்னு திரும்பும், ஆனா ஒவ்வொரு துடுப்புக்கும் மூக்கை ஆட்டும். நூறு, இருநூறு மீட்டர் அகலமுள்ள குளத்துக்கு 10-ல இருந்து 13 அடி வரைக்கும் சரியான அளவு. பெரிய ஏரியைத் தாண்டித்தான் உங்க குளத்துக்குப் போகணும்னா கொஞ்சம் நீளம் கூட்டிக்கோங்க.

காற்றுதான் குளத்துல உண்மையான எதிரி. முனைகள் உயரமா வளைஞ்ச கனூ ஃபோட்டோவுக்கு அழகு. காற்றுக்கு அது பாய் விரிச்ச மாதிரி. தூண்டில் போடுறவருக்கு ரெண்டு கையும் வேணும், துடுப்பு மடியில இருக்கும், அந்த நேரத்துல படகு தானா சுத்திக்கிட்டே இருந்தா எரிச்சல்தான். முனைகள் தாழ்ந்த படகு நல்லது.

ரெண்டு பேர் போற கனூவை வச்சிருக்கவங்க தனியாப் போனா ஒரு வழி இருக்கு. பின் இருக்கையில உட்கார்ந்தா முன்பக்கம் தூக்கிக்கிட்டுக் காற்றுல காற்றாடி மாதிரி சுத்தும். அதுக்குப் பதிலா, முன் இருக்கையில திரும்பி, பின்பக்கத்தைப் பார்த்து உட்காருங்க. ரெண்டு முனையும் ஒரே வடிவத்துல இருக்கிற படகுல இது நல்லா வேலை செய்யும். எடை நடுவுக்கு வந்துடும்.

என்ன பொருள்ல செஞ்சது?

அலுமினியம்: ரெண்டாம் உலகப்போர் முடிஞ்ச கையோட கிரம்மன் விமான கம்பெனி செய்ய ஆரம்பிச்சது. தலைமுறை தாங்கும். ஆனா குளிரும், கனக்கும், சத்தம் போடும். துடுப்பு விளிம்புல பட்டா கோயில் மணி மாதிரி கேட்கும். அமைதியான குளத்துல அது மீனுக்கு அனுப்புற தந்தி.

பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்: விலை குறைவு, அடி தாங்கும், சத்தம் இல்லை. கனம் மட்டும்தான் குறை. கார் நிறுத்துற இடத்துல இருந்து ஐம்பது, நூறு மீட்டர்ல தண்ணின்னா இதுவே போதும்.

ராயலெக்ஸ்: நடுவுல நுரை வச்சு, ரெண்டு பக்கமும் பிளாஸ்டிக் அடுக்கு வச்ச தகடு. ஓல்ட் டவுன் கம்பெனியோட 'பேக்'னு 12 அடிப் படகு 15 கிலோ, குளத்துத் தூண்டில்காரங்களோட செல்லம். 2014-ல இந்தத் தகடு செய்றதையே நிறுத்திட்டாங்க. இப்போ பழசுதான் கிடைக்கும். டி-ஃபார்மெக்ஸ்னு ஒரு மாற்று வந்திருக்கு. பழைய ராயலெக்ஸ் வாங்கும்போது, விளிம்பு மரமா இருந்தா, திருகு போட்ட இடங்கள்ல மெல்லிய விரிசல் இருக்கான்னு பாருங்க. கடுங்குளிர்ல மரமும் பிளாஸ்டிக்கும் வேற வேற அளவுல சுருங்குறதால வர்ற விரிசல் அது.

கெவ்லர், கார்பன்: லேசு, விலை ஜாஸ்தி. புதுசு பொதுவா 2,000 டாலருக்கு மேல. ஊசிப் பாறையில இழுத்தா கீறும், ஆனா சட்டுன்னு உடையாது. கணுக்கால் தண்ணியில இறங்கி நின்னு, படகு மிதக்கும்போது ஏறுற பழக்கம் வந்தா பல வருஷம் வரும்.

தூண்டில்காரர் மட்டும் கவனிக்கிற விஷயங்கள்

ஃப்ளை நரம்பு எதுல சிக்கலாம்னு தேடிக்கிட்டே இருக்கும். அதனால படகுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கிற கொக்கி, கயிறு, கிளிப், ராடு தாங்கி எவ்ளோ குறைவோ அவ்ளோ நல்லது. கனூ திறந்த படகுங்கிறது இங்கே பெரிய வசதி. இழுத்த நரம்பு காலடியில சுத்தமா விழும். கயாக்ல அது மேல்தட்டு முழுக்க சிக்கும்.

நங்கூரம்: சின்னக் குளத்துக்கு 2, 3 கிலோ போதும். கயிறு ஆழத்தைவிட ரெண்டு மூணு மடங்கு நீளம் இருக்கணும். முக்கியமானது, நங்கூரத்தைப் படகோட முனையில இருந்துதான் இறக்கணும். பக்கவாட்டுல கட்டினா, காற்று தள்ளும்போது கயிறு விளிம்பைக் கீழே இழுக்கும், தண்ணி உள்ளே வரும். கயிறை ஒரே இழுப்புல அவிழ்க்கிற முடிச்சாப் போடுங்க.

துடுப்பு: தாழ்ந்த இருக்கைக்கு ரெண்டு பக்கமும் அலகுள்ள துடுப்பு வசதி. ஆனா அதுல இருந்து தண்ணி சொட்டி மடி நனையும். மீன் இருக்கிற இடத்துக்குக் கிட்டப் போனதும் ஒரு சின்ன ஒற்றைத் துடுப்பால ஒரு கையிலயே மெல்ல நகர்த்துறவங்க நிறைய பேர்.

கனூதான் வேணுமா?

நியாயமான கேள்வி. இடுப்பளவு தண்ணியில மிதக்கிற ஃப்ளோட் டியூப் இருக்கு. விலை குறைவு, பைக்குள்ள அடங்கும். ஆனா கால் ரெண்டும் மணிக்கணக்கா குளிர் தண்ணியில, எதிர்க்காற்றுல நகரவே நகராது. மேல உட்காருற மீன்பிடி கயாக் ரொம்ப நிலையானது. ஆனா பலது 25 கிலோவைத் தாண்டும், காட்டுப் பாதையில தூக்க முடியாது. நடந்து போய்ச் சேரவும் வேணும், சேர்ந்த இடத்துல உலர்ந்து உட்காரவும் வேணும்னா கனூதான் பொருந்துது.

குளிர் தண்ணி: இதுதான் பெரிய விஷயம்

இப்போ முதல்ல விட்ட இடத்துக்கு வருவோம். லேசான படகு உங்களை மனுஷங்க இல்லாத குளத்துக்குக் கொண்டுபோகும். லேசான படகு பல சமயம் ஒடுக்கமான படகு. ஃபோன் சிக்னல் இருக்காது. தண்ணி 6, 7 டிகிரி. அதாவது எது உங்களை அங்கே சேர்க்குதோ, அதுவே அங்கே ஆபத்தையும் கூட்டுது. எடையையும் அகலத்தையும் சேர்த்தே யோசிக்கணும்னு சொல்றது இதுக்காகத்தான்.

குளிர் தண்ணியில விழுந்தா என்ன ஆகும்? கனடாவுல மானிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் பிரபலமாக்கின ஒரு சூத்திரம் இருக்கு: 1–10–1. முதல் 1 நிமிஷம் மூச்சு உங்க கட்டுப்பாட்டுல இருக்காது. தானா இழுத்து இழுத்து வாங்கும். அந்த நேரத்துல தலை தண்ணிக்குள்ள இருந்தா அவ்ளோதான். அடுத்த 10 நிமிஷம் வரைக்கும்தான் கையும் காலும் சொன்னபடி கேட்கும். சுமார் 1 மணி நேரத்துக்கு அப்புறம்தான் உடம்பு குளிர்ந்து நினைவு போகும். பலரும் அந்தக் கடைசிக் கட்டத்துக்குத்தான் பயப்படுறாங்க. ஆனா நிறைய உயிர் போறது முதல் ரெண்டு கட்டத்துல, லைஃப் ஜாக்கெட் இல்லாததால.

நியூயார்க் மாநிலத்துல நவம்பர் 1 முதல் மே 1 வரைக்கும், 21 அடிக்குக் குறைஞ்ச எந்தப் படகுல போனாலும் லைஃப் ஜாக்கெட்டைப் போட்டிருக்கணும். படகுக்குள்ள வச்சிருந்தா போதாது. இது சட்டம். ஆனா மே 2-ம் தேதி தண்ணி திடீர்னு சூடாகிடாது. ஜூன் வரைக்கும் போட்டே இருங்க. நுரை வச்ச ஜாக்கெட் நல்லது. அதை ஊத வேண்டாம், இழுக்க வேண்டாம், அது தன் வேலையைத் தானே பார்க்கும். முதுகுப் பக்கம் மேல்பாதி மட்டும் கனமா இருக்கிற மாடல் வாங்கினா இருக்கையில இடிக்காது. பருத்தி டி-ஷர்ட், ஜீன்ஸ் வேண்டாம்.

கவிழ்ந்தா, ஆழமான தண்ணியில தனியாளா திரும்ப ஏறுறது கிட்டத்தட்ட நடக்காத காரியம். படகை விடாதீங்க. அதைப் பிடிச்சுக்கிட்டே காலால உதைச்சுக் கரைக்குப் போகணும். அந்த 10 நிமிஷத்துக்குள்ள போய்ச் சேருற தூரத்துலயே மீன் பிடிச்சா, பாதிக் கவலை தீர்ந்தது. அதனால படகு வாங்கும்போது, முனைகள்ல காற்று அறையோ நுரைக்கட்டியோ இருக்கா, தண்ணி நிறைஞ்சாலும் மிதக்குமான்னு கண்டிப்பாக் கேளுங்க. ரொம்ப லேசான சில படகுகள்ல அது பேருக்குத்தான் இருக்கும். எந்தக் குளம், எத்தனை மணிக்குத் திரும்புவேன்னு ஒருத்தர்கிட்ட சொல்லிட்டுப் போங்க.

சரி, இப்போ முடிவு

உங்க பக்கத்துல மூணு எண் எழுதுங்க. ஒண்ணு, உங்களால ஒரு கிலோமீட்டர் நிக்காமத் தூக்க முடியுற எடை. ரெண்டு, உங்க உடம்பும் பையும் சேர்ந்த எடை. மூணு, நீங்க போகப்போற குளங்கள்லயே நீளமான கேரி.

கேரி நூறு மீட்டருக்குள்ளன்னா, 12 அடி பிளாஸ்டிக் கனூ, அதுவும் பழசா வாங்குங்க. மிச்சப் பணத்துல நல்ல லைஃப் ஜாக்கெட். கேரி அரை கிலோமீட்டர் வரைக்கும்னா, 15 கிலோ பக்கம் ஒரு பழைய ராயலெக்ஸ், இல்லேன்னா டி-ஃபார்மெக்ஸ். 30 அங்குல அகலம், கொஞ்சம் உயர்ந்த இருக்கை. ஒரு கிலோமீட்டருக்கு மேலன்னா கெவ்லர் பேக் கனூ, தாழ்ந்த இருக்கை. நீங்க 80 கிலோவுக்கு மேலன்னா 10 அடி வேண்டாம், 12-க்குப் போங்க. கம்பெனி சொல்ற அதிகபட்சச் சுமையில மூணுல ரெண்டு பங்கு வரைக்கும் ஏத்தினா படகு ஒழுங்கா நடந்துக்கும்.

நம்ம லிசனர் தனியாப் போறதால, நடுவுல சொன்னதுல ஆரம்பிக்கிறது நல்லதுன்னு எனக்குத் தோணுது. அதுக்கும் முன்னாடி, சரானக் லேக் மாதிரி ஊர்கள்ல கனூ வாடகைக்குக் கிடைக்கும். ரெண்டு மூணு வகை எடுத்து, கோடையில, வெதுவெதுப்பான தண்ணியில, ராடையும் கொண்டுபோய் வீசிப் பாருங்க. துடுப்பு மட்டும் போட்டுப் பார்த்தா தெரியாது. ஒரு தடவை வேணும்னே கவிழ்த்தும் பாருங்க.

கடைசியா ஒரு வார்த்தை. ஒரு குளத்துல இருந்து இன்னொரு குளத்துக்குப் போகும்போது படகைக் கழுவி, தண்ணியை வடிச்சு, காய வச்சுட்டுப் போங்க. ஒட்டிக்கிட்டு இருக்கிற ஒரு களைத் துண்டு போதும், அடுத்த குளம் கெட்டுப்போக. உயிர்மீனை இரையாக் கொண்டுபோகவும் பல ட்ரவுட் குளங்கள்ல தடை இருக்கு. வாளியில இருந்து தப்பின வேற மீன்கள் பெருகி, ப்ரூக் ட்ரவுட்டே இல்லாமப் போன குளங்கள் அங்கே நிறைய. அமில மழையைத் தாண்டி வந்த மீனை, நம்ம படகு அழிச்சுடக் கூடாது இல்லையா?

அடுத்த எபிசோட்ல, குளத்துத் தண்ணிக்கு எந்த ஃப்ளை, எந்த நேரம்னு பேசுவோம். கேள்வி இருந்தா அனுப்புங்க.